ஒரு மலைக்கு மூன்று சீட்டு

"ஒரே மலை, ஒரே காடு. இதுக்கு எதுக்குலே மூணு சீட்டு?"

நிக்கோவில் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். ரின்னோஜியில் ஒரு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், இருபதடி தள்ளி தோஷோகூவுக்கு வேறு சீட்டு. அதைத் தாண்டி ஃபுதராசானின் உள்தோட்டத்துக்கு இன்னொன்று. ஆற்றின் மேலுள்ள சிவப்புப் பாலத்தில் கால் வைப்பதற்குக்கூடத் தனியாகக் காசு. அம்மா பாலத்தைச் சேர்க்கவில்லை, கோயில்களை மட்டும் எண்ணினாள். "மூணும் வேற வேற நிர்வாகம்மா" என்றேன். "அது தெரியுதுலே. சாமி ஒண்ணா மூணா? அதச் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையில் இருப்பதில் பாதியை அன்று ரயிலில் திரும்பி வரும்போதும், மீதியை ஊருக்கு வந்த பிறகும்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

தங்கை குடும்பத்தோடு தோக்கியோவில் இருக்கிறாள். அவளைப் பார்க்க அம்மாவும் நானும் நவம்பர் கடைசியில் போயிருந்தோம். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஒரு புதன்கிழமை நாங்கள் இருவர் மட்டும் அசகுசாவிலிருந்து காலை ஆறரை மணி ரயில் ஏறினோம். வடக்கே இரண்டு மணி நேரம். கையில் தூக்குச்சட்டி நிறைய புளியோதரை. ஜப்பானில் காய்கறி என்று வாங்கினாலும் சாற்றில் மீன் இருக்கும் என்பது வந்த இரண்டாம் நாளே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சிவப்புப் பாலத்தின் பெயர் ஷின்க்யோ. 8-ஆம் நூற்றாண்டில் ஷோதோ என்ற பௌத்தத் துறவி இந்த ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றபோது, சிவப்பும் நீலமுமாக இரண்டு பாம்புகள் குறுக்கே படுத்துப் பாலமாயின என்று கதை. ஷோதோ 766-இல் அக்கரையில் ஒரு சிறிய விகாரை கட்டினார். பிறகு 2,486 மீட்டர் உயரமுள்ள நந்தாய் மலையில் ஏறப் பார்த்தார். இரண்டு முறை தோற்று, 782-இல் உச்சியைத் தொட்டார். அவருடைய ஏற்றத்தைப் பற்றிப் புகழ்பெற்ற துறவி கூகாய் 814-இல் ஒரு கல்வெட்டுக்கான வாசகத்தை எழுதியிருப்பதால், முழுக்கவும் கதை என்று தள்ள முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஷோதோ மலையில் புத்தரை மட்டும் கொண்டுபோய் வைக்கவில்லை என்பது. மலைக்கு ஏற்கெனவே ஒரு தெய்வம் இருந்தது. ஜப்பானிய மொழியில் காமி. அந்தக் காமியை அவர் விரட்டவில்லை. நாளடைவில் நந்தாய் மலையின் காமியும் ஆயிரங்கைக் கன்னோனும், அதாவது அவலோகிதேசுவரரும், ஒன்றே என்றாகிவிட்டது. பக்கத்து ந்யோஹோ மலையின் பெண் தெய்வம் அமிதாப புத்தர். தாரோ மலையின் தெய்வம் குதிரைத்தலைக் கன்னோன். நந்தாய் அப்பா, ந்யோஹோ அம்மா, தாரோ பிள்ளை. மூலம் புத்தர், இந்த மண்ணில் அவர் எடுத்த வடிவம் காமி. இப்படி எடுத்த வடிவத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் கொங்கென். நமக்கு அவதாரம் என்றால் போதும், புரிந்துவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்த மலையில் துறவிகள் காமிக்கு முன்னால் சூத்திரம் ஓதினார்கள். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

இந்த மலைக்குத்தான் 1617-இல் ஒரு பிணம் வந்தது.

தொக்குகாவா இயேயாசு, ஜப்பானைச் சண்டையிட்டு ஒன்றாக்கி 250 ஆண்டு நீடித்த ஆட்சியை நிறுவிய ஷோகுன். 1616-இல் இறந்தார். முதலில் குனோ மலையில் அடக்கம் செய்து, ஓராண்டு கழித்து நிக்கோவில் ஒரு சிறிய சன்னிதி எழுப்புங்கள், இந்தக் கிழக்கு நாட்டுக்குக் காவலாக இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இறந்தவரைத் தெய்வமாக்குவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. என்ன பட்டம் கொடுப்பது என்பதில்தான் சண்டை. ஒரு தரப்பு 'ம்யோஜின்' என்றது, அது காமிப் பக்கத்துப் பட்டம். தெந்தாய் பௌத்தத் துறவி தென்காய் 'கொங்கென்' என்றுதான் இருக்க வேண்டும் என்று நின்றார். அவர் சொன்ன காரணம் எளியது. இயேயாசுவுக்கு முன்னால் ஆண்ட ஹிதேயோஷிக்கு ம்யோஜின் பட்டம்தான் கொடுத்தார்கள், அவருடைய வம்சம் என்ன ஆயிற்று பார்த்தீர்களா? அந்த வம்சத்தை 1615-இல் கருவறுத்தவரே இயேயாசுதான் என்பதால், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு உதாரணம் நன்றாகவே உறைத்திருக்கும். தென்காய் ஜெயித்தார். இயேயாசு 'தோஷோ தாய்கொங்கென்' ஆனார். கிழக்கில் ஒளிரும் பெரும் அவதாரம்.

யாருடைய அவதாரம்? யாகுஷியின். நம் வடமொழியில் பைஷஜ்யகுரு, நோய் தீர்க்கும் மருத்துவ புத்தர். ஆகவே தோஷோகூ வளாகத்துக்குள் இயேயாசுவுக்குச் சன்னிதி இருந்ததைப் போலவே யாகுஷிக்கும் ஒரு மண்டபம் இருந்தது. அதன் பெயரே 'மூலத்தின் மண்டபம்'. ஒரே தெய்வத்தின் இரண்டு முகங்கள் ஒரே முற்றத்தில்.

சிறிய சன்னிதி கேட்டவருக்குப் பேரன் இயேமிட்சு செய்ததைத்தான் இன்று உலகம் வந்து பார்க்கிறது. 1634-இல் தொடங்கி 1636-இல் முடித்துவிட்டார்கள். 568,000 ரியோ பொன் செலவு, மொத்தம் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆள்-நாள் உழைப்பு என்கிறது கோயில் கணக்கு. 5,173 சிற்பங்கள். யோமெய்மோன் என்கிற வாசலில் மட்டும் 508. 1930-களில் ஜப்பானில் தங்கியிருந்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புருனோ டவுட் இதை வெறும் பகட்டு என்று ஒதுக்கினார். அன்றிலிருந்து ரசனையுள்ளவர்கள் தோஷோகூவைக் கொஞ்சம் கீழே வைத்துப் பேசுவது வழக்கம். அம்மா டவுட்டைப் படித்ததில்லை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, "கல்யாண வீடு மாதிரி இருக்கு, கோயில் மாதிரி இல்ல" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

கண்ணையும் காதையும் வாயையும் பொத்திய மூன்று குரங்குகளை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நாங்களும் எடுத்தோம். அம்மாவை உட்கார வைத்தவை எதிரே இருந்த களஞ்சியத்தின் நெற்றியிலுள்ள இரண்டு யானைகள். யானையையே பார்க்காமல் கானோ தான்யூ என்ற ஓவியர் கேள்வியறிவில் வரைந்து கொடுத்தது. காதும் வாலும் மேல்ரோமமும் எந்த யானைக்கும் இல்லாதவை. "பாவம், காந்திமதிய ஒரு தரம் காட்டியிருந்தா சரியாச் செஞ்சிருப்பான்" என்றாள். காந்திமதி 2025-இல் இறந்துபோன நெல்லையப்பர் கோயில் யானை.

இயேயாசுவின் சமாதிக்கு மேலே 207 படிகள். அம்மாவின் முழங்கால் அதற்கு ஒப்பாது. தூங்கும் பூனைச் சிற்பத்துக்குப் பக்கத்தில் அவளை விட்டுவிட்டு நான் மட்டும் ஏறினேன். தேவதாரு மரங்களுக்கு நடுவில் படி நெட்டுக்குத்தாக ஏறுகிறது. மேலே அலங்காரம் ஒன்றுமில்லை. வெண்கலத்தில் ஒரு தூபி. ஆமாம், பௌத்தத் தூபி. ஷிந்தோ கோயில் என்று சீட்டு கொடுத்தவர்கள் காட்டும் கடைசி இடத்தில், தெய்வத்தின் உடல் புத்தத் தூபிக்கு அடியில் கிடக்கிறது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கீழே மூல மண்டபத்தில் கூரை முழுக்க ஒரு நாகம். அதன் தலைக்குக் கீழே நின்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினால் மணி சிலிர்ப்பதுபோல ஒலி எழும். இரண்டடி தள்ளித் தட்டினால் வெறும் கட்டைச் சத்தம். விளக்கம் சொல்பவர் இரண்டையும் தட்டிக் காட்டினார். 1961-இல் இந்த மண்டபம் தீயில் எரிந்துபோனது. பழைய நாகமும் போனது. இப்போதிருப்பது காதாயாமா நான்பூ வரைந்தது. அந்த மண்டபத்தில் அம்மா சட்டென்று செருப்பில்லாத கால்களைச் சேர்த்து வைத்துக் கும்பிட்டாள். வெளியே சன்னிதியில் அவள் கும்பிடவில்லை. அங்கே உருவம் எதுவும் கண்ணில் படவில்லை, இங்கே யாகுஷி இருந்தார், அவ்வளவுதான் காரணம்.

1868-க்கு வருவோம். ஷோகுன் ஆட்சி கவிழ்ந்து, பேரரசரின் பெயரால் புதிய அரசு வந்தது. தோற்ற படையின் ஒரு பகுதி நிக்கோவில் வந்து ஒதுங்கியது. துரத்தி வந்த படைக்குத் தலைவர் இதாகாகி தாய்சுகே. அவர் கோயிலைக் கொளுத்தாமல், பேசி அவர்களை வெளியேற்றினார் என்று சொல்கிறார்கள். ஷின்க்யோ பாலத்துக்குப் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

பீரங்கிக்குத் தப்பியது காகிதத்துக்குத் தப்பவில்லை. அதே 1868-இல் புதிய அரசு ஓர் ஆணை போட்டது: காமியையும் புத்தரையும் பிரி. பேரரசர் காமியின் வழிவந்தவர் என்பது புதிய அரசின் அடித்தளம். காமி, புத்தரின் நிழல் என்றால் அது எப்படி நிற்கும்? காமி கோயில்களில் புத்தச் சிலை இருக்கக் கூடாது. காமிக்கு கொங்கென் போன்ற பௌத்தப் பட்டங்கள் கூடாது. தென்காய் வாதாடி வாங்கிய பட்டம் இரண்டரை நூற்றாண்டு கழித்து ஒரே ஆணையில் குற்றமாயிற்று. பல ஊர்களில் ஆணையைத் தாண்டியும் போனார்கள். ஹியெய் மலையடிவாரத்தில் சிலைகளையும் சூத்திரச் சுவடிகளையும் குவித்துக் கொளுத்தினார்கள். எங்கெங்கோ மணிகள் உருக்கப்பட்டன.

நிக்கோவில் 1871-இல் பிரித்தார்கள். அதுவரை எல்லாம் சேர்ந்து 'நிக்கோ மலை', ஒரே அமைப்பு. அதை மூன்றாக்கினார்கள். இயேயாசுவுக்கு தோஷோகூ, ஷிந்தோ. மலைக் காமிகளுக்கு ஃபுதராசான், அதுவும் ஷிந்தோ. புத்தர்களுக்கு ரின்னோஜி. அம்மாவின் மூன்று சீட்டு அன்றைக்கு அச்சடித்தது.

ஆனால் இயேயாசுவை எப்படிப் பிரிப்பது? அவரே அவதாரம் அல்லவா? யாகுஷியைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் ஷோகுன். பிரித்துத்தான் விட்டார்கள். அறுத்த இடம் நேராக வரவில்லை. தோஷோகூவின் நுழைவாயிலில் ஐந்தடுக்குப் பகோடா அப்படியே நிற்கிறது. சூத்திரக் களஞ்சியம் நிற்கிறது. மூல மண்டபம் நிற்கிறது. புத்தருடைய கட்டடம், காமியுடைய மண். இவை யாருக்குச் சொந்தம் என்று ரின்னோஜியும் தோஷோகூவும் போருக்குப் பிறகு நீதிமன்றம் வரை போய் வழக்காடின. பாட்டன் இயேயாசு ஷிந்தோவுக்குப் போனார். அவரைக் கும்பிட்டுக்கொண்டே வாழ்ந்து, அவர் காலடியில் புதைக்கச் சொன்ன பேரன் இயேமிட்சுவின் சமாதி பௌத்தர்களுக்கு வந்தது. பக்கத்துப் பக்கத்து மேடுகளில் பாட்டனும் பேரனும் இரண்டு மதம்.

ரின்னோஜியின் சான்புட்சுதோ, மூன்று புத்தர் மண்டபம், அப்போது ஃபுதராசான் சன்னிதிக்குப் பக்கத்தில் இருந்தது. மலையப்பா, மலையம்மா, மலைப்பிள்ளை மூவரின் மூல உருவங்கள். பீடத்தோடு ஏழரை மீட்டர் உயரமுள்ள பொன்முலாம் சிலைகள். காமியின் வாசலில் இவர்கள் இருக்கலாகாது என்று காலி செய்யச் சொன்னார்கள். மண்டபத்தைப் பிரித்துப்போட்டால் ஊரே போய்விடும் என்று ஊர்க்காரர்கள் பயந்தார்கள். 1876-இல் அந்த வழியாக வந்த பேரரசர் மெய்ஜி பழைய தோற்றம் கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி 3,000 யென் கொடுத்தார். யாருடைய பெயரால் பிரிக்கச் சொன்னார்களோ அவரே! 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மண்டபம் இப்போதுள்ள இடத்துக்கு இடம் மாறியது. காலையில் நாங்கள் முதலில் பார்த்தது அதைத்தான். மூன்று சிலைகளையும் பார்த்து "குடும்பமா இருக்காங்க" என்று அம்மா சொன்னபோது, அவள் சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட ஆள் ஒருவர் உண்டு. ஷோகுன் ஆட்சியின் பிற்காலத்தில் நிக்கோவின் தலைமைத் துறவி ஓர் இளவரசராக இருப்பார். 1868-இல் கடைசியாக அந்தப் பீடத்தில் இருந்தவருக்கு இருபத்தொரு வயது. ஷோகுன் ஆதரவாளர்களோடு வடக்கே ஓடினார், பிடிபட்டார், மன்னிக்கப்பட்டார். காவியைக் களைந்து, ஜெர்மனிக்குப் போய் ராணுவம் படித்து, கிதாஷிராகாவா யோஷிஹிசா என்ற பெயரில் படைத்தளபதி ஆனார். 1895-இல் தைவானைப் பிடிக்கப் போன படையோடு போய் அங்கேயே நோயில் இறந்தார். பிறகு தைவானில் ஜப்பானியர் எழுப்பிய பெரிய ஷிந்தோ கோயிலில் அவரையே காமியாக வைத்தார்கள். இயேயாசு என்ற காமிக்கு முன்னால் புத்த சூத்திரம் ஓதிய கடைசித் துறவி, புத்தர் வாடையே இல்லாத ஒரு காமியாகிப்போனார். இதை எந்த நாவலாசிரியன் எழுதினாலும் நம்ப மாட்டோம்.

மதியம் புளியோதரையை ஒரு பெஞ்சில் சாப்பிட்டோம். நிக்கோவின் பேர்பெற்ற பண்டம் யூபா, சோயாப் பால் காய்ச்சும்போது மேலே படியும் ஆடை. துறவிகளின் உணவு. அதை மட்டும் குழம்பு இல்லாமல் வாங்கினேன். "பாலேட்டுல உப்புப் போட மறந்துட்டான்" என்று சொல்லிவிட்டு அம்மா பாதியை எனக்குத் தள்ளினாள்.

பிறகு மேலே ஏரிக்குப் பேருந்து. இரோஹாசகா என்ற மலைச்சாலை, ஏற ஒன்று, இறங்க ஒன்று. இரண்டிலும் சேர்த்து 48 வளைவு, பழைய ஜப்பானிய அரிச்சுவடிக்கு 48 எழுத்து என்பதால் ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எழுத்துப் பலகை. அடிவாரத்தில் உமகாயேஷி என்று ஓர் இடம். குதிரை திரும்புமிடம் என்று பொருள். அதற்கு மேல் குதிரையும் மாடும் போகக் கூடாது. பழைய பாதையில் இன்னும் சற்று மேலே பெண்கள் மண்டபம் என்று ஒரு சிறிய கட்டடம் இருக்கிறது. பெண்கள் அங்கே நின்று, பார்க்க முடியாத ஏரியையும் மலையையும் திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். புனித மலை, பெண்வாடை ஆகாது. இந்தத் தடையை 1872-இல் நாடு முழுக்க நீக்கியது யார்? நான்கு ஆண்டுக்கு முன் காமியையும் புத்தரையும் பிரி என்ற அதே அரசு. எனக்கு அதன்மேல் முழுக்கக் கோபப்படவும் முடியவில்லை. ஒன்றாகச் சேர்ந்து அமைதியாக இருந்த அந்த ஆயிரம் ஆண்டு அமைதியில் பெண்கள் பாதி வழியில் நின்றார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது ஆச்சரியப்படவில்லை. "எங்க ஊர்லயும் அப்படித்தான" என்றாள்.

மேலே, 1,269 மீட்டர் உயரத்தில் சூசென்ஜி ஏரி. நந்தாய் குமுறி வழிந்த குழம்பு ஆற்றை மறித்ததால் உண்டான ஏரி. மரங்கள் இலையுதிர்த்து நின்றன. காற்று முகத்தில் அறைந்தது. ஏரி வழிந்து விழும் இடம் கேகோன் அருவி, 97 மீட்டர். பாறைக்குள் மின்தூக்கியில் இறங்கி அடியிலிருந்து பார்க்கலாம். கேகோன் என்பது அவதம்சக சூத்திரத்தின் ஜப்பானியப் பெயர். வழியில் தெரியும் இன்னொரு அருவி ஹன்னியா, அது பிரஜ்ஞா. மற்றொன்று ஹோதோ, அதுவும் தெந்தாய் பௌத்தர்கள் சூத்திரங்களை வரிசைப்படுத்தும் பெயர்களில் ஒன்று. 1871-இல் மண்டபங்களைப் பிரித்தவர்கள் அருவிகளின் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள்.

மணி மூன்றாகப் போகிறது, கோயில் அடைத்துவிடுவார்கள் என்று ஏரிக்கரையில் கிட்டத்தட்ட ஓடி, சூசென்ஜி கோயிலுக்குப் போனோம். அங்கேயுள்ள ஆயிரங்கைக் கன்னோனை ஷோதோவே செதுக்கினார் என்கிறார்கள். வெட்டிய மரத்தில் அல்ல, வேரோடு நின்ற மரத்தில். இந்தக் கோயில் முன்பு நந்தாய் அடிவாரத்தில், காமி சன்னிதியின் பக்கத்தில் இருந்தது. 1902 செப்டம்பரில் ஒரு பெரும்புயல். மலை சரிந்து, கோயிலைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குள் விழுந்தது. எழுந்த வெள்ளத்தில் கீழே ஷின்க்யோ பாலமே அடித்துப்போனது. கன்னோன் தண்ணீரில் மிதந்து கிடைத்தார். பிறகுதான் கிழக்குக் கரையில் இந்தப் புதிய கோயில். அரசாணை பிரித்தது போதாதென்று மலையும் ஒரு முறை பிரித்திருக்கிறது.

இருட்டிய மண்டபத்தில் அண்ணாந்து நின்றிருந்த அம்மாவிடம் நான் படித்து வைத்திருந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன். இந்த மலையின் பழைய பெயர் ஃபுதரா. ஆண்டுக்கு இரு முறை புயல் வீசுவதால் வந்த பெயர் என்பார் உண்டு. ஆனால் வலுவாகச் சொல்லப்படுவது, கன்னோன் வாழும் மலையான ஃபுதராக்கு என்பதிலிருந்து வந்தது என்பது. ஃபுதரா என்ற எழுத்துகளையே வேறு விதமாக வாசித்துத்தான் நிக்கோ ஆனது. ஃபுதராக்கு என்பது பொதலகம். அவலோகிதர் இருக்கும் பொதலகம் எங்கே இருக்கிறது? காஞ்சிபுரம் வரை வந்து கேட்டெழுதிய யுவான் சுவாங், தெற்கே மலய மலைக்குக் கிழக்கே என்கிறார். உச்சியில் கண்ணாடிபோல் ஓர் ஏரி, அதிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கிக் கடலுக்குப் போகும் ஓர் ஆறு. அது பொதிகைதான் என்று தமிழ்நாட்டில் இருந்து ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசாகா வாதிட்டார். அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதரிடம் என்கிறது வீரசோழியம் என்கிற நம் பௌத்த இலக்கணநூல்.

அம்மா பிறந்தது அம்பாசமுத்திரம். பொதிகையைப் பார்த்துக்கொண்டேதான் அறுபத்தெட்டு வயதாகியிருக்கிறது. ஏறியதில்லை. பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்குக் கேரளப் பக்கமாகப் போகும் நடைப்பயணத்தில் பெண்களைச் சேர்க்காமல் இருந்தார்கள். நீதிமன்றம் 2018-இல் தடையை நீக்கி, 2019 ஜனவரியில்தான் முதல் பெண் ஏறினார். அப்போதே அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது.

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து, கல்மேடையில் உட்கார்ந்து, ஏரிக்கு அப்பால் நந்தாயைப் பார்த்தாள். உச்சியில் மேகம்.

"பாவநாசத்துலேந்து பாக்கயில இப்படித்தான் தெரியும். மழ நேரத்துல."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "பொம்பளைய விடலன்னு சொன்னியே. அந்த மலையில இருக்கது ஆம்பளச் சாமியா, பொம்பளச் சாமியா?"

கன்னோனை ஜப்பானில் பெரும்பாலும் தாயாக நினைத்துத்தான் கும்பிடுகிறார்கள் என்றேன்.

"நல்லாருக்குலே கத" என்று எழுந்துகொண்டாள். கடைசிப் பேருந்துக்கு முந்தியதைப் பிடித்தோம். இறங்கும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் பலகையைப் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரிந்த நாலைந்தைச் சொன்னேன்.